முதல் வாய் புரதத்துக்கு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து 4 மாதம் ஆகியிருந்தது. 112 கிலோவிலிருந்து 91க்கு வந்திருந்தேன். ஒரு நாள் காலையில் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த பழைய கோப்பு ஒன்றை எடுக்கத் தரையில் உட்கார்ந்தேன். கோப்பு கிடைத்துவிட்டது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையை ஊன்றிப் பார்த்தேன், இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தேன். தொடை நடுங்கியதே தவிர உடம்பு மேலே வரவில்லை. அடுத்த அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கை கொடுக்கட்டுமா?" என்றாள். அவள் கையைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

112 கிலோ இருந்தபோதுகூடத் தரையிலிருந்து நானாகவே எழுந்திருக்கிறேன். மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும், ஆனாலும் எழுந்துவிடுவேன். 21 கிலோவை இறக்கி வைத்த பிறகு ஏன் முடியவில்லை? அன்று முழுக்க இதே நினைப்பு.

அடுத்த முறை டயட்டீஷியனைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. "மூணு நாள் வாயில போடுற எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க. அளவோட எழுதுங்க. பாதி வெச்சுட்டீங்கன்னா பாதின்னே எழுதுங்க" என்றார். நானும் எழுதினேன். நாளுக்கு 60 கிராம் புரதம் எப்படியும் போகிறது என்ற நம்பிக்கையோடுதான் எழுதினேன்.

இரண்டாம் நாள் பக்கம் இப்படி இருந்தது. காலையில் பால் 150 மி.லி., அதில் 5 கிராம் புரதம். முட்டை ஒன்று, ஆனால் பாதிதான் இறங்கியது, அதனால் 3 கிராம். காய்கறி சூப் ஒரு கிண்ணம், தாராளமாகப் போட்டால் 2. வேகவைத்த பருப்பு 100 கிராம், அதில் 9. மாலையில் பிஸ்கட் இரண்டு, 1. இரவு தயிர் 100 கிராம், 4. மீன் ஒரு சின்னத் துண்டு, 30 கிராம் இருக்கும், அதில் 7. கூட்டினால் 31.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது மோசமான நாளும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டதாக நான் நினைத்த நாள்.

நம் உடம்பில் கொழுப்பைச் சேமிக்க இடம் இருக்கிறது, அது எனக்கு நன்றாகவே தெரியும். மாவுச்சத்துக்கும் கல்லீரலிலும் தசையிலும் சின்னதாகக் கிடங்கு உண்டு. புரதத்துக்கு மட்டும் அப்படித் தனியாக ஒதுக்கி வைக்க இடம் கிடையாது. உடம்பிலுள்ள புரதம் எல்லாமே ஏதாவது ஒரு வேலையில் இருக்கிறது: தசை, தோல், குடலின் உள்சுவர், ரத்தத்தில் ஓடும் அல்புமின், கிருமியை எதிர்க்கும் அணுக்கள். சாப்பாட்டிலிருந்து போதுமான அளவு வராவிட்டால், உடம்பு வேலையில் இருப்பதைத்தான் பிரிக்கும். முதலில் கை வைப்பது தசையில். என் தொடையில் நடந்ததும் அதுதான். தராசு 21 கிலோ குறைந்தது என்றுதான் சொல்லும். அதில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று சொல்லாது. வேகமாக எடை இறங்கும்போது கொஞ்சம் தசையும் சேர்ந்து போகத்தான் செய்யும், அதை முழுதாகத் தடுக்க வழியில்லை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் நம் கை இருக்கிறது.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல், சுமார் 75 முதல் 80 சதவீதம் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், 100 முதல் 150 மி.லி. வரைதான் கொள்ளும். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மேலே விடப்படும் பை இதைவிடச் சின்னது, தொடக்கத்தில் 30 மி.லி. அளவு. அதோடு உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே தாண்டிப் போகும். ஸ்லீவில் இன்னொன்றும் நடக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல் பகுதியில். அந்தப் பகுதியே போய்விடுவதால் முதல் சில மாதங்களுக்குப் பசி என்பதே இருக்காது.

இந்தப் பசியின்மை எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொல்லியாக வேண்டும். பத்து வயதிலிருந்து "குறைச்சலா சாப்பிடு" என்று கேட்டே வளர்ந்தவள் நான். தட்டில் இரண்டாவது முறை போட்டுக்கொண்டால் யாராவது பார்ப்பார்கள். பட்டினி கிடந்த நாட்களில் மட்டும்தான் என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பசியே இல்லாமல் ஒரு பகல் முழுவதும் கடந்துவிட்டால், ஏதோ தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியது போல ஒரு நிறைவு வரும். பாதி முட்டையோடு தட்டை நகர்த்தும்போது ஜெயித்த மாதிரி இருக்கும். தங்கை, "அக்கா, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடேன்" என்பாள். அவளுக்கு என் கஷ்டம் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். புரியாதது எனக்குத்தான். சாப்பிடாமல் இருப்பது ஒரு சாதனை என்று முப்பது வருடமாக மனதில் ஊறிய எண்ணம், சாப்பிட்டே ஆகவேண்டிய நாட்களிலும் என்னை விடவில்லை. டயட்டீஷியன் தந்த காகிதத்தில் புரத அளவு முதல் நாளிலிருந்தே இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் தராசை மட்டும் பார்த்தேன்.

அளவைப் பற்றி. அமெரிக்காவின் பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) அறுவை சிகிச்சைச் சங்கமும் அதோடு சேர்ந்த மருத்துவ அமைப்புகளும் 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளுக்குக் குறைந்தது 60 கிராம், தேவைப்பட்டால் ஒரு கிலோ எடைக்கு 1.5 கிராம் வரை என்று இருக்கிறது. இங்கே எடை என்பது இப்போது நம் உடம்பு இருக்கும் எடை இல்லை, நம் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை. எனக்கு அது 58 கிலோ. அதனால் 60க்கும் 87க்கும் நடுவில் எங்காவது இருக்கலாம். எனக்கு 70 என்று முடிவு செய்தார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டவைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு 90 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படும், ஏனென்றால் உள்ளே போவதில் ஒரு பங்கு உறிஞ்சப்படாமலே வெளியேறும். 1950களிலும் 60களிலும் தொடங்கிய பழைய முறை ஒன்றில் இரைப்பையைத் தொடாமல் சிறுகுடலை மட்டும் குறுக்கிவிட்டார்கள். எடை நன்றாகவே இறங்கியது, ஆனால் பலருக்குக் கல்லீரல் பழுதாகி, புரதக் குறைபாடு முற்றி, கடைசியில் அந்த முறையையே கைவிட வேண்டியதாயிற்று. இன்றைக்கு நம்மை ரத்தப் பரிசோதனைக்கு வா, வா என்று விடாமல் கூப்பிடுவதற்குப் பின்னால் அந்த அனுபவமும் இருக்கிறது. சிறுநீரகத்தில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்கள் இந்த எண்களில் எதையும் தாங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்களுக்கு அளவு வேறு.

சரி, எண் தெரிந்துவிட்டது. அதை உள்ளே அனுப்புவதுதான் பாடு.

புரதம் கனமானது. கோழி, மீன், முட்டை, பனீர் எல்லாமே அந்தச் சின்னக் குழாயில் போய் உட்கார்ந்துகொள்ளும், நான்கு வாயில் நெஞ்சு நிறைந்துவிடும். பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் அப்படி இல்லை. வாயிலேயே கரைந்து, தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பத்து நிமிடத்தில் மறுபடி இடம் இருக்கும். அதனால் வயிறு நம்மை மெல்ல மெல்ல பிஸ்கட் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எது வலிக்காமல் இறங்குகிறதோ அதைத்தானே கை எடுக்கும்? மனவுறுதி இல்லாததால் வருவது என்று இதைச் சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கிற ஒன்றையும், அடைக்காத ஒன்றையும் ஒரே தட்டில் வைத்தால் யாருடைய கையும் அடைக்காததன் பக்கம்தான் போகும். அதனால் என் தட்டில் இரண்டும் சேர்ந்து வருவதில்லை. முதலில் புரதம் மட்டும் வரும். அது இறங்கி முடிந்த பிறகு இடம் இருந்தால் காய்கறி, அதற்கும் பிறகு இருந்தால் மற்றது. பெரும்பாலும் மற்றதற்கு இடம் இருக்காது.

முதல் முறை கோழி சாப்பிட்ட நாளை மறக்க முடியாது. மிருதுவான உணவுக் கட்டம் முடிந்து, திட உணவு தொடங்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சமைத்த நெஞ்சுக்கறி, மறுபடி சூடாக்கியது. கட்டைவிரல் நகம் அளவு துண்டு. ஐந்தாறு முறை மென்று விழுங்கிவிட்டேன். அது மார்பெலும்புக்குப் பின்னால் அப்படியே நின்றது. வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளிருந்து கட்டைவிரலால் அழுத்துவது போல. அப்புறம் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது, சாதாரண எச்சில் இல்லை, முட்டை வெள்ளைக்கரு போலக் கெட்டியாக, நுரையாக. துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கை முதுகைத் தடவிக்கொண்டே, "தண்ணி தரவா அக்கா?" என்றாள். குடித்தால் இன்னும் மோசமாகும், மேலே நிற்கிற தண்ணீரும் திரும்பி வரும். கடைசியில் அந்தத் துண்டு அப்படியே வெளியே வந்தது, நார் கூடப் பிரியாமல்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கோழி என்றாலே பயம். இப்போது தெரிகிறது, தவறு கோழியில் இல்லை. மறுபடி சூடாக்கிய கறியில் ஈரம் போய்விடும், அதுதான் அடைக்கும். கொத்திய கறியைக் குழம்பிலேயே ஊறவிட்டு, சூடு ஆறுவதற்குள், சின்னக் கரண்டியால், ஒரு வாய்க்கு இருபது முப்பது முறை மென்றால் தொல்லை இல்லாமல் இறங்குகிறது. மீன் இன்னும் எளிது, இதழ் இதழாகப் பிரியும். மூக்கில் லேசாக நீர் வந்தாலோ, ஒரு விக்கல் வந்தாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். அது எனக்கு வயிறு தருகிற அடையாளம். அதைத் தாண்டி ஒரு வாய் வைத்தால் வாஷ்பேசின்தான்.

இதற்கு நடுவில் தண்ணீர் வேறு. நாளுக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும், ஆனால் சாப்பிடும்போது குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். மடமடவென்று குடிக்கவும் முடியாது, வாய் வாயாகத்தான். ஒரு முட்டைக்கு இருபத்தைந்து நிமிடம், பிறகு முப்பது நிமிடக் காத்திருப்பு, பிறகு ஒரு டம்ளர் தண்ணீருக்கு முக்கால் மணி நேரம். இப்படிப் போட்டுப் பார்த்தால் பகல் போதவில்லை. என் கணக்கைச் சரிசெய்தது ஒரு சின்ன மாற்றம்தான்: குடிப்பதிலேயே கொஞ்சம் புரதத்தை ஏற்றிவிடுவது. 150 மி.லி. பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் 5 கிராம் 10 கிராமாகிவிடுகிறது, அளவு கூடுவதே இல்லை. சூப்பிலும் இதைக் கலக்கலாம். தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்கக் குளிர்பெட்டிக்குள் வடியவிட்டால் காலையில் பாதியாகச் சுருங்கியிருக்கும், அதே கரண்டிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு புரதம். சின்ன வயிற்றுக்காரர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். எவ்வளவு புரதம் என்பதோடு, எவ்வளவு இடத்தில் அந்தப் புரதம் என்று பார்க்க வேண்டும். 100 கிராம் வெந்த பருப்பில் 9 கிராம், அதே எடை வெந்த கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 30. பருப்பு நல்ல உணவு, விட வேண்டியதில்லை. ஆனால் பருப்பை மட்டும் வைத்து 70ஐத் தொட 800 கிராம் சாப்பிட வேண்டும், அது நடக்காது. அசைவமும் முட்டையும் சாப்பிடாதவர்கள் பனீர், டோஃபு, சோயா, வடித்த தயிர் என்று அடர்த்தியானவற்றின் பக்கம் போகவேண்டியிருக்கும், பெரும்பாலும் புரதப் பவுடரும் தேவைப்படும்.

பவுடர் என்றதும் பலருக்கு முகம் சுளிக்கும். எனக்கும் சுளித்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே பெரிய டப்பா ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அப்போது சுவை பிடித்திருந்தது. பிறகு திறந்தால் வாசனையே குமட்டியது. நாக்கும் மூக்கும் மாறிவிடுகின்றன, பலருக்கு இது நடக்கிறது. எதையும் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள், சின்னப் பாக்கெட்டாக வாங்கிப் பாருங்கள் என்று அதனால்தான் சொல்கிறேன். பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனில் ஐசோலேட் என்ற வகையில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்பி இரைகிறவர்களுக்கு, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு அது ஒத்துவரலாம். கொதிக்கிற பாலில் கொட்டினால் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். வெதுவெதுப்பான பதத்தில், முதலில் கொஞ்சம் குளிர்ந்த பாலில் குழைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, டப்பாவில் இருக்கும் கரண்டி 30 கிராம் என்றால் புரதமும் 30 கிராம் இல்லை. என்னுடையதில் 24. நான் முதல் மாதம் முழுவதும் 30 என்றே எழுதிக்கொண்டிருந்தேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

தோலிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பவுடராக்கி விற்கிறார்கள், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடி கொட்டும் மாதத்தில் எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். லேபிளில் புரதம் நிறைய இருப்பதாகத்தான் போட்டிருக்கும். ஆனால் புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத 9 அமினோ அமிலங்களில் டிரிப்டோபேன் அதில் அறவே கிடையாது. தசையைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. 1970களின் பின்பாதியில் அமெரிக்காவில் மாட்டுத்தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜன் திரவத்தை மட்டும் குடித்து எடை குறைப்பது ஒரு அலையாகப் பரவியது. அப்படி இருந்தவர்களில் பலர் இதயத்துடிப்பு குலைந்து இறந்துபோனார்கள். மிகக் குறைந்த கலோரியும் தாதுக்குறைவும் சேர்ந்த கதை அது, இன்று ஒரு கரண்டி கொலாஜன் குடிப்பதோடு அதை ஒப்பிட முடியாது. குடிக்க விருப்பம் இருந்தால் குடியுங்கள், ஆனால் அன்றைய 70 கிராம் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

முடி எனக்கும் கொட்டியது. 4ஆம் மாதக் கடைசியில் தொடங்கி 8ஆம் மாதம் வரை. சீப்பில், தலையணையில், குளியலறைத் தரையில். உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், மூன்று நான்கு மாதம் கழித்துச் சேர்ந்து உதிரும். அறுவை சிகிச்சையும் வேகமான எடையிழப்புமே அதற்குப் போதும். புரதம், இரும்பு, துத்தநாகம் குறைந்தால் இன்னும் கூடும், இன்னும் நீளும். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் கொட்டுகிறது, அதனால் யாரும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். எனக்குத் திரும்ப வளர்ந்துவிட்டது.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. மாலையில் கணுக்கால் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்புவது, புண் ஆறாமல் இருப்பது, படி ஏற முடியாத பலவீனம். அல்புமின் பரிசோதனை செய்வார்கள், ஆனால் அந்த எண் மெதுவாகத்தான் இறங்கும், உடம்பில் அழற்சி இருந்தாலும் மாறும். எனக்குத் தரையிலிருந்து எழ முடியாத அந்த மாதத்தில் அல்புமின் சரியாகவே இருந்தது. அதனால் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று நோட்டை மூடிவிடக் கூடாது. வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் இருந்தால், "கொஞ்சம் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். தண்ணீரும் புரதமும் மட்டுமல்ல, வைட்டமின் பி1 வேகமாகத் தீர்ந்து மூளையையே பாதிக்கும். இதில் தள்ளிப்போடுவது ஆபத்து.

நோட்டு வைத்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது என் நாள் ஏறத்தாழ இப்படி: காலையில் பால் பவுடர் கலந்த பாலும் ஒரு முழு முட்டையும், 16. பதினொரு மணிக்கு அரைக் கரண்டி வே, 12. மதியம் மீன் 60 கிராமும் கொஞ்சம் பருப்பும், 18. மாலை வடித்த தயிர், 9. இரவு இன்னொரு அரைக் கரண்டி, 12. 67 வருகிறது. சில நாள் 70ஐத் தாண்டும், சில நாள் 55தான். 55 வந்த நாளில் மறுநாள் ஈடுகட்ட நினைத்து ஒரேயடியாகத் திணிப்பதில்லை, அது வாஷ்பேசினுக்குத்தான் போகும். புரதம் உள்ளே போனால் மட்டும் தசை வந்துவிடாது என்பதால் உடற்பயிற்சியும் உண்டு. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவேன். தொடங்கியபோது அரை நிமிடத்தில் 6 முறை, இப்போது 14.

போன வாரம் உறவுக்காரப் பெண் ஒருத்தி பேசினாள். அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம். "அக்கா, பசியே இல்ல, நேத்து முழுக்க ரெண்டு டம்ளர் ஜூஸ்தான்" என்றாள். குரலில் அந்தச் சந்தோஷம், எனக்குத் தெரிந்த அதே சந்தோஷம். அவளைத் திட்ட மனம் வரவில்லை. ஒரு நோட்டு எடுத்து மூன்று நாள் எழுதச் சொன்னேன், பாதி வைத்தால் பாதி என்றே எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கூட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.

எனக்கு நாளைக் காலை ரத்தப் பரிசோதனை. இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. மணி ஒன்பதே முக்கால், இன்றைய கடைசி 12 கிராம் மேசையில் காத்திருக்கிறது. குடித்துவிட்டு நோட்டில் எழுத வேண்டும்.